பனிப்பட்டம் பழகப் போன தம்பிக்குக் காவலாக

ரொறன்ரோவில் இருபத்திரண்டு குளிர்காலம் கழித்தவளை டென்மார்க் பனி என்ன செய்துவிடும் என்ற திமிரில், தடித்த மேலங்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டேன். பில்லுண்ட் விமான நிலையத்தில் நான் இறங்கினேன். பெட்டி இறங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் தங்கிவிட்டது என்றாள் அங்கிருந்த பெண், ஏதோ அது ஆசைப்பட்டுத் தங்கியது போல. நாளைக்கு வரும், இல்லாவிட்டால் மறுநாள் வரும் என்றாள். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. ஒரு கம்பளிச் சட்டையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

எங்கள் ஊர்ப் பனி காய்ந்தது. எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது ரொறன்ரோவை. அங்கே தோளில் விழுந்தால் தட்டிவிட்டு நடக்கலாம். டென்மார்க்கின் இந்த யூட்லாந்துப் பக்கத்துப் பனி ஈரத்தோடு வருகிறது, கூடவே காற்றையும் கூட்டி வருகிறது. நிலம் முழுவதும் தோசைக்கல் மாதிரித் தட்டை. காற்றை மறிக்க ஒரு குன்று கிடையாது. பத்து நிமிடத்தில் என் காது இரண்டும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கிரின்ஸ்டெட் போகிற பஸ் பாதி வழியில் நின்றது. காற்று வயலில் கிடந்த பனியை அள்ளிக்கொண்டு வந்து வீதியில் குவித்துவிட்டது. சாரதி எழுந்து திரும்பி நின்று ஏதோ சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த டெனிஷ் அம்மா ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: "பனி தள்ளுகிற வண்டி வரும்வரை இருப்போம். யாருக்காவது மிகவும் அவசரமா என்று கேட்கிறார்." ஒருவரும் கையை உயர்த்தவில்லை. ரொறன்ரோவாக இருந்தால் அந்நேரம் பாதிப்பேர் தொலைபேசியில் யாரையோ ஏசத் தொடங்கியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பையைத் திறந்து சாப்பாட்டை எடுத்தார்கள்.

அந்த அம்மா கறுத்த ரொட்டித் துண்டு ஒன்றை எனக்கு நீட்டினார். மேலே பன்றி ஈரல் பூசி, வெள்ளரிக்காய் ஊறுகாய் வைத்திருந்தது. விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் பதினான்கு வருடம் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்தால் எதைப் பார்த்தாலும் குமட்டும். ஆனாலும் வாங்கித் தின்றேன். பசி ருசி அறியாது என்பது சரிதான்.

"விடுமுறையா?" என்று கேட்டார்.

"என் தம்பி பட்டம் விடப் பழகப் போகிறான். பார்க்க வந்தேன்."

"எவ்வளவு நல்ல விசயம்" என்றார். அதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வது?

சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். முந்திய மே மாதம் நாங்கள் பிறந்த நாட்டில் போர் முடிந்தது. முடிகிற நேரத்தில் எங்கள் கடைசித் தம்பி ரஞ்சனும் மனைவியும் மகளும் வன்னியில் ஒரு பதுங்கு குழிக்குள் செத்துப்போனார்கள். செய்தி ஜூனில்தான் வந்தது, முகாமில் இருந்த ஒருவர் மூலமாக. அன்றிலிருந்து கிரின்ஸ்டெட்டில் இருக்கிற என் மற்றத் தம்பி தவம் சோபாவை விட்டு எழும்பவில்லை. பத்தொன்பது வருடம் ஒரு நாள் பிந்தாமல் போன தொழிற்சாலைக்குச் சுகவீன விடுப்புச் சொல்லிவிட்டான். கோயிலுக்கும் இல்லை, கலியாண வீட்டுக்கும் இல்லை. பெப்ரவரி தொடக்கத்தில் அவன் மனைவி மாலா எனக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், இவர் பனியில பட்டம் விடப் போறாராம். எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. டெனிஷ்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஐம்பதாவது பிறந்த நாளுக்குப் பொருளாக எதுவும் கொடுக்கமாட்டார்கள், ஏதாவது செய்து பார் என்று சீட்டு ஒன்று கொடுப்பார்கள். தவம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில், எங்கள் பக்கத்தில் கதவளவு பட்டம் ஏற்றுவோம் என்று அளந்துவிட்டிருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் அதை ஞாபகம் வைத்திருந்து, பனிப்பட்டம் பழகுகிற இரண்டு நாள் வகுப்புக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கொளுவி, காலில் ஸ்கீ பலகை கட்டி, காற்று இழுக்கிற பக்கம் பனிமேல் ஓடுகிற விளையாட்டு. சீட்டு ஒரு வருடத்துக்கு மேலாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. இப்போது திடீரென்று போகிறேன் என்கிறான்.

அது மட்டுமென்றால் மாலா பயந்திருக்கமாட்டாள். அதே கிழமை, வீட்டுக் காப்புறுதி, கார்ப் பத்திரம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் ஒழுங்காக அடுக்கி அவள் கையில் கொடுத்திருக்கிறான். பதின்மூன்று வயது மகள் நிலானியைக் கூப்பிட்டு, வெப்பக் குழாயை எப்படிப் பூட்டுவது என்று காட்டியிருக்கிறான். "திரும்பி வாற எண்ணம் இருக்கிற ஆள் இப்பிடிச் செய்யுமோ மச்சாள்?" என்று கேட்டாள். நான் அடுத்த கிழமைக்கு டிக்கெட் போட்டேன்.

வீட்டுக்குள் போனபோது தவம் சோபாவில்தான் இருந்தான். தாடி நரைத்திருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு ஏற்ற வந்த மாலாவின் காருக்குள் ஏறியதிலிருந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"வந்திட்டியோ அக்கா" என்றான்.

"ஓம். பெட்டிதான் வரேல்லை."

"நாளைக்கு வரும். எல்லாருக்கும் அப்பிடித்தான் வாறது." திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தான். அதில் கைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. மாலாவின் மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது. தவம் கார் ஓட்டினான். இருபது நிமிட ஓட்டத்தில் அவன் பேசியது ஒரே வசனம்: "நீ ஏன் வாறாய் எண்டு எனக்குத் தெரியும்." சும்மா பார்க்கத்தான் என்றேன்.

இடம் ஒரு கமக்காரரின் வயல். ஒரு மூலையில் வைக்கோல் கொட்டில். வகுப்பு எடுத்தவள் பேர் பிர்கித்த. ஐம்பத்தைந்து வயது இருக்கும், தோள் கதவு நிலை போல அகலம். வார நாட்களில் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாளாம். வாயைத் திற என்று சொல்லிப் பழகிய குரல், மறுத்துப் பேச மனம் வராது. பழக வந்தவர்கள் தவமும் ஒரு இளம் டெனிஷ் சோடியும்தான். அவள் டெனிஷில் சொல்ல, தவம் எனக்குச் சுருக்கித் தமிழில் சொன்னான்.

"இன்று காலை ஒருவரும் பட்டம் ஏற்றமாட்டீர்கள். காலை முழுவதும் கழற்றப் பழகுவோம்" என்று தொடங்கினாள்.

கொட்டிலின் கூரை வளையில் ஒரு கயிறு தொங்கியது. இடுப்பில் அகலமான பட்டி, அதன் முன்னால் ஒரு கொளுக்கி, கொளுக்கிக்கு மேல் ஒரு சிவப்புப் பிடி. கயிற்றைக் கொளுவி அவள் முழுப் பலத்தோடு இழுப்பாள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பிடியைத் தேடி, முன்னால் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் கொளுக்கி கழலும். கழன்றாலும் பட்டம் ஓடிப்போகாது. ஒரு மெல்லிய கயிறு மட்டும் உடம்போடு நிற்கும், பட்டம் காற்றை இழந்து சீலை போலக் கீழே விழும்.

நான் ஓரமாக ஒரு வைக்கோல் கட்டில் இருந்தேன். பிர்கித்த என்னைக் கூப்பிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவள் என்றேன். "வயலில் நிற்கிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் தம்பியால் முடியாவிட்டால் நீங்கள் தள்ளுவீர்கள்" என்றாள் ஆங்கிலத்தில். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. ஐம்பத்துநான்கு வயதில், முழங்கால் வலியோடு, பட்டியும் தலைக்கவசமும் போட்டு வளையில் தொங்கினேன். முதல் இரண்டு தரமும் பிடியைத் தள்ளாமல் இழுத்தேன். மூன்றாம் தரம் டக்கென்று கழன்று வைக்கோலுக்குள் மல்லாக்க விழுந்தேன். டெனிஷ் சோடியில் இருந்த பெட்டை கை தட்டினாள். தவத்தின் உதடு ஒரு பக்கம் அசைந்தது போல இருந்தது.

அவன் முறை வந்தபோது பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகத் தள்ளினான். "பிந்தி" என்றாள் பிர்கித்த. இன்னொரு தரம் செய்தான். "இன்னும் பிந்தி."

மதியத்துக்குப் பிறகு வயலுக்கு இறங்கினோம். இறங்கியதும் அவள் எங்களைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தாள். முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பனி இருக்கிறது என்றார்கள் அந்தச் சோடி. இல்லை, முட்கம்பி இருக்கிறது என்றாள். தூரத்தில் இரண்டு கட்டைகளின் நுனி மட்டும் தெரிந்தது. மிச்ச வேலி முழுவதும் பனிக்குள் தாழ்ந்திருந்தது. "பட்டம் உங்களை இழுத்தால் இந்தத் திசைக்குத்தான் இழுக்கும். ஆகவே அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டத்தைப் பிறகு பார்க்கலாம்."

பிறகு ஆகாயத்தை ஒரு மணிக்கூடாக நினைக்கச் சொன்னாள். தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு. பட்டம் அங்கே நின்றால் சும்மா மிதக்கும். இரண்டு ஓரத்திலும் நின்றாலும் பெரிதாக இழுக்காது. எங்களுக்கு நேர் எதிரே நடுவில் இறங்கினால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். பயம் வந்தால், பட்டத்து நூல்கள் கட்டிய, கையில் பிடித்திருக்கிற தடியை விட்டுவிட வேண்டும். தடி தானாக விலகும், பட்டம் பலம் இழக்கும். "புதியவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்வார்கள். பயம் வந்ததும் தடியை நெஞ்சோடு இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பட்டத்துக்குப் பலம் கூடும்."

காற்று இதமாக இருந்தது. முதல் நாள் ஸ்கீ இல்லை, சப்பாத்தோடு நின்று சின்னப் பட்டம். டெனிஷ் சோடியின் பட்டம் நாலு தரம் மூக்குக் குத்தியது. தவத்தின் கைக்கு வந்ததும் பட்டம் நேரே பன்னிரண்டுக்கு ஏறி அப்படியே நின்றது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் காற்றில் இரைகிற விண் பூட்டின பட்டத்தோடு வளர்ந்தவன் அல்லவா? பிர்கித்த புருவத்தை உயர்த்தினாள். எனக்கே ஒரு பெருமை வந்தது.

அந்தப் பெருமைக்குள்தான் வினை இருந்தது. எங்கள் பக்கத்தில் பட்டத்தைக் கைவிடுவது வெட்கம். இழுத்தால் நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி நிற்பார்கள், கையில் வெட்டு விழுந்தாலும் விடமாட்டார்கள். ஒரு விசிறு காற்று வந்தது. பட்டம் நடுவுக்குச் சாய்ந்தது. தவம் தடியை நெஞ்சோடு இழுத்தான். போதாதென்று மற்றக் கையால் நூலையே எட்டிப் பிடித்தான். அடுத்த கணம் ஆள் முகங்குப்புற. பனியைக் கிழித்துக்கொண்டு போகிறான், கட்டைகள் இருக்கிற பக்கம். பிர்கித்த அந்தப் பருத்த உடம்போடு ஓடிய ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பாய்ந்து விழுந்து அவனுடைய சிவப்புப் பிடியை அவளே தள்ளினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் எழுந்து இருந்தான். முகத்தில் நாடிப் பக்கம் கீறல். கையுறை பிய்ந்திருந்தது. அவள் டெனிஷில் ஏதோ கேட்டாள். அவன் சட்டையில் ஒட்டிய பனியைத் தட்டினான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பிடியை மறந்தாரா, இல்லை தள்ள விருப்பமில்லையா என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டும். மறதிக்கு என்னிடம் பாடம் இருக்கிறது. மற்றதற்கு இல்லை."

களைப்பாக இருக்கிறான் என்றேன். களைத்தவர்கள் காருக்குள் இருக்க வேண்டும் என்றாள். நாளைக்குக் கண்ணை மூடிப் பத்துத் தரம் ஒழுங்காகக் கழற்றிக் காட்டினால் பார்ப்போம், இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் என்றாள்.

வீட்டில் இடியப்பமும் சொதியும், வடகடல் மீன் பொரியலும். நிலானி தகப்பனைப் பார்த்து டெனிஷில் கேட்டாள். "அப்பா விழுந்தவரோ எண்டு கேக்கிறாள்" என்றாள் மாலா. இல்லை என்றான் தவம், நாடியில் கீறலோடு. மாலா என்னைக் குசினிக்குள் இழுத்து, என்ன மாதிரி என்று கேட்டாள். நல்லாப் பறந்தது என்றேன் நானும். எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியை மறைப்பது ஒரு மரியாதை. அப்பா செத்ததையே எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள், வேலைக்குப் போகிற பிள்ளை என்று.

ஞாயிறு காலை பெட்டி வந்து சேர்ந்தது. சொந்த மேலங்கியைப் போட்டபோது மனிசியாகிவிட்டது போல இருந்தது. வயலுக்குப் போனால் காற்று ஊளையிட்டது. பிர்கித்த கையில் இருந்த காற்றுமானியைப் பார்த்துவிட்டு, தொடங்க முடியாது, காத்திருங்கள் என்றாள். "காத்திருப்பதும் பாடம்தான். இதில்தான் கனபேர் தோற்கிறார்கள்." டெனிஷ் சோடி கொட்டிலுக்குள் போய்க் கோப்பி குடித்தது. நானும் தவமும் காருக்குள் இருந்தோம். மாலா ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸும் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் தந்துவிட்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனி தரையோடு ஓடிக்கொண்டிருந்தது.

சுற்றி வளைக்க எனக்குக் களைப்பு. நேரே கேட்டேன்.

"அந்த பைலை ஏன்டா மாலாட்டக் குடுத்தனி?"

அவன் கோபிக்கவில்லை. "தெரியாது அக்கா. அண்டைக்குக் குடுக்கோணும் போல இருந்தது."

"நேற்று மறந்தனியோ, விருப்பமில்லையோ?"

"அதுவும் தெரியாது." பிறகு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்:

"ரஞ்சன் கடைசியா எடுத்தது எனக்குத்தான். ஏப்ரல்ல. ஆரிட்டையோ சற்றலைட் போன் வாங்கி. ரெண்டு நிமிசம்தான் கதைச்சவன். 'அண்ணை, சனம் கடலேரிக்குள்ளால அங்கால ஆமிப் பக்கம் போகுது. நாங்களும் வெளிக்கிடட்டோ' எண்டு கேட்டவன். நான் அந்த சோபாவில இருந்துகொண்டு, 'அவசரப்படாதை, இன்னும் ரெண்டு மூண்டு நாள் பொறு, உலகம் பாத்துக்கொண்டிருக்கு, ஏதோ ஒண்டு நடக்கும்' எண்டன். போரை நிப்பாட்டச் சொல்லி இஞ்ச நடந்த ஊர்வலத்துக்குப் போய் வந்த சூட்டில சொன்னன். போன சனத்தில கனபேர் உயிரோட இருக்குதுகள் அக்கா. 'சரி அண்ணை' எண்டான். எதிர்த்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்தச் 'சரி அண்ணை'தான் நாள் முழுக்கக் கேக்குது. டிவியில சத்தத்தை நிப்பாட்டினாலும் கேக்குது."

அவன் அழவில்லை. ரோல்ஸ் ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிய்த்து, தின்னாமல் கையில் வைத்திருந்தான்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். ரஞ்சன் எனக்கும் எடுத்தான். அதே கேள்வியைக் கேட்டான். நானும் பொறு என்றுதான் சொன்னேன். இதை என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை. சொல்ல வாய் உன்னியது. அவனை ஆறுதல்படுத்த வந்தவள் நான், என் சுமையை அவன் தலையில் ஏற்றக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். "நீ என்ன செய்வாய், ஆருக்குத் தெரியும் அப்பிடி நடக்குமெண்டு" என்று செத்த வீட்டில் சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பதினொரு மணிபோல் காற்று இறங்கியது. பிர்கித்த கண்ணாடியில் தட்டினாள். கொட்டிலில் தவம் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் கழற்றினான். ஏழாவது பிந்தி என்று சொல்லி முதலிலிருந்து செய்ய வைத்தாள். மறுபடி பத்து. அவனுக்கு வியர்த்தது. அவள் அவன் முகத்தை, பல்லைப் பார்ப்பது போல, கிட்டப் போய்ப் பார்த்தாள். "இன்றைக்கு ஆள் இங்கே இருக்கிறார்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

ஸ்கீ கட்டிக்கொண்டு இறங்கினான். பட்டம் ஏறியது. ஓரத்துக்குச் சாய்த்தான். உடம்பு மெல்ல நகர்ந்தது, பிறகு ஓடத் தொடங்கியது. வயலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, எட்டு மாதம் சோபாவில் கிடந்த மனிதன், முழங்காலை மடித்து, பின்னால் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தான். பார்க்க வடிவாக இருந்தது. மூன்றாம் முறை போகும்போது காற்று மாறியது. என் தொப்பி கழன்று ஓடியதில்தான் எனக்குத் தெரிந்தது.

பட்டம் நடுவுக்கு இறங்கியது. அவன் வேகம் எடுத்தான். கட்டைகள் இருக்கிற பக்கம்தான் போகிறான். பிர்கித்த மறு கரையில் அந்தச் சோடியோடு நின்றாள், ஓடினாலும் எட்டாது. நான் ஓடினேன். முழங்கால் அளவு பனி, நாலு அடிக்கு ஒருதரம் விழுந்தேன். தள்ளடா, தள்ளடா என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன். மாலாவுக்கு என்ன சொல்வேன் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. அது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவனுடைய இரண்டு கையும் தடியை விட்டு மேலே போவதைக் கண்டேன். பிறகு ஒரு கை இடுப்புக்கு இறங்கி முன்னால் தள்ளியது. பட்டம் சுருங்கி விழுந்தது. அவனும் பக்கவாட்டில் விழுந்து, உருண்டு, நின்றான். வேலிக்கு இன்னும் முப்பது அடி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பனியில் இருந்தபடி நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, மூக்கால் நீர் வடிந்தது.

"ஏனக்கா ஓடி வாறாய்? விட்டிட்டன்தானே."

அவனுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்து இருந்தேன். மூச்சு வாங்கியது. இனிச் சொல்லாமல் இருந்தால் நான் மனிசி இல்லை என்று தோன்றியது.

"தவம், ரஞ்சன் எனக்கும் எடுத்தவன்."

கை நின்றது.

"அதே கதைதான். வெளிக்கிடட்டோ எண்டு கேட்டவன். நானும் பொறு எண்டுதான் சொன்னனான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமா, என்ன என்று விளங்கவில்லை. எட்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தனியச் சாகவிட்டாயே என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டால் நியாயம். அவன் கேட்டது வேறு.

"எனக்கு முன்னமோ, பின்னமோ?"

அதை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்னம் என்று சொல்லித் தப்பலாம். சொன்னால் அந்தச் 'சரி அண்ணை' அவனோடேயே கிடக்கும். டெனிஷ் சோடியின் பட்டம் தூரத்தில் மறுபடி மூக்குக் குத்தியது.

"பின்ன" என்றேன். "அடுத்த நாள். 'அண்ணை பொறுக்கச் சொல்லுறார், எனக்கெண்டால் போகத்தான் மனம் சொல்லுது, நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா' எண்டு கேட்டவன். உடுப்பெல்லாம் கட்டி வைச்சிருக்கிறம் எண்டும் சொன்னவன். அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும், அவிழ்த்து வை எண்டன்."

தவம் பிய்ந்த கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் வாசலில் நின்று பார்ப்பானே, அந்த முகத்தோடு கேட்டான்:

"அப்ப நீ எப்பிடி அக்கா நித்திரை கொள்ளுறனி?"

"கொள்ளுறேல்லை" என்றேன்.

பிர்கித்த வந்து சேர்ந்தாள். சரியான இடத்தில் கழற்றினீர்கள் என்று அவன் தோளில் அடித்தாள். பிறகு என்னைக் காட்டி, உங்கள் அக்கா ஏன் அழுகிறார் என்று ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டாள். தவம் டெனிஷில் ஏதோ பதில் சொன்னான். நீளமாகச் சொன்னான். அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். மிச்சம் இருந்த ரோல்ஸை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு ஓட்டினான். வீட்டு வாசலில் மாலா குளிருக்குள் வந்து நின்றாள். அவன் இறங்கியதைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சோபாவில் போய் இருந்தேன். எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது, கண் மட்டும் மூடியிருந்தது. குசினிக்குள் தவம் மாலாவோடு கதைக்கிறது கேட்டது.

"அக்காவின்ர டிக்கெட்டை மாத்தோணும். இன்னும் ஒரு கிழமை இஞ்ச நிக்கட்டும். நான் வாசலில நிக்கிற காரை உள்ளுக்கு நிப்பாட்டிப்போட்டு வாறன். அதுவரைக்கும் அவவைத் தனிய விடாதை."